வால்பக்கம் நின்ற நாள்

அந்தக் கால்நடை மருத்துவமனையில் அவளைக் கிளிப்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்னால் நாய், பூனைகளின் முடியை ஒட்ட மழிக்கிற மின்கருவியின் பெயர் அது. ஏழு வருடங்களாக அதைப் பிடித்துப் பிடித்து, கருவியின் பெயர் ஆளுக்கு ஒட்டிக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுடைய சொந்தப் பெயரை யாரோ கேட்டார்கள். அவள் மெதுவாகச் சொன்னதில் அது காதில் விழவில்லை. இரண்டாவது தடவை கேட்கக் கூச்சப்பட்டு அவர்களும், இரண்டாவது தடவை சொல்லக் கூச்சப்பட்டு இவளும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. இடது எது, வலது எது என்று அவளுக்குச் சட்டென்று தெரியாது. தெரியவே தெரியாது என்றில்லை. நின்று நிதானித்து, சோத்துக்கை எது என்று விரல்களை லேசாக மடக்கிப் பார்த்து, அது வலது, அப்படியானால் இது இடது என்று கணக்குப் போட்டால் வந்துவிடும். மற்றவர்களுக்குப் பசி எடுப்பதுபோலத் தானாக வருவது அவளுக்குக் கூட்டல் கணக்குப்போல வந்தது. யாராவது அவசரப்படுத்தினால் விடை தப்பிவிடும்.

பள்ளிக்கூடத்தை ஒன்பதாம் வகுப்போடு விட்டதற்குக் காரணம் இதுதான். வீட்டில் சொன்ன காரணம் தலைவலி. உடற்பயிற்சி வகுப்பில் இடப்பக்கம் திரும்பச் சொன்னால் நாற்பது பேரும் ஒரு பக்கம் திரும்ப, இவள் மட்டும் பக்கத்தில் நிற்கிறவளோடு மூக்கும் மூக்கும் இடிக்க நிற்பாள். முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். இவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வாத்தியார் அதை ஒரு வேடிக்கையாகவே வைத்துக்கொண்டார். வெயிலில் வகுப்பு சோர்ந்துபோனால் அவளை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, இடம், வலம், வலம், இடம் என்று மாற்றி மாற்றிச் சொல்வார். வகுப்புக்குத் தெம்பு வந்துவிடும். ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அப்புறம் தலைவலியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

கணவனுக்கும் இது தெரியாது. அவன் கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோய்ப் போடும் வேன் ஓட்டுகிறவன். காலையில் அவளை மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டுத்தான் போவான். புதிதாக ஒரு தெருவைத் தேடிப் போகும்போது அவள்தான் இறங்கி வழி கேட்டு வந்து சொல்வாள். உங்க பக்கம் திரும்புங்க, இப்ப என் பக்கம், மறுபடியும் உங்க பக்கம் என்பாள். ஓட்டுகிறவனும் பக்கத்தில் உட்காருகிறவளும் நடுவழியில் இடம் மாறப்போவதில்லை என்பதால் அந்தக் கணக்கு தப்பாது. கல்யாணமான புதிதில் இதைக் கேட்டு அவன் உருகிப்போனான். அம்மாவிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தான். "ரோட்டுல கூட உன் பக்கம், என் பக்கம்னு பாகம் பிரிக்கிறாளா உன் பொண்டாட்டி?" என்றாள் மாமியார்.

இப்படிப்பட்டவளுக்கு அந்த மருத்துவமனை வேலை ஒரு விதத்தில் வரமாக அமைந்தது. முடி மழிக்கும் அறையின் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. ஒரு நாய் பக்கவாட்டில் நிற்கும். அதைச் சுற்றி அம்புக்குறிகள். தலையை நோக்கிப் போகும் அம்புக்குக் கிரேனியல் என்று பெயர். வாலை நோக்கிப் போவதற்குக் காடல். முதுகுப் பக்கம் டார்சல், வயிற்றுப் பக்கம் வென்ட்ரல். மூக்கிலிருந்து வால் நுனிவரை உடம்பின் நட்டநடுவே ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டை ஒட்டிய பக்கம் மீடியல், கோட்டை விட்டு விலகிய பக்கம் லேட்டரல். நாய் மயங்கும்வரை காத்திருக்கும் நேரத்தில் அவள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். டாக்டர்கள் பேசிக்கொள்ளும்போது அந்தச் சொற்கள் விழும். விழுந்த இடத்திலிருந்து பொறுக்கிக்கொள்வாள்.

மேலே, கீழே, முன்னால், பின்னால் என்று நாம் சொல்வதெல்லாம் பார்க்கிறவர்களைச் சேர்ந்த சொற்கள் என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது. நாய் நின்றால் முதுகு மேலே இருக்கிறது. அதே நாய் மல்லாந்தால் வயிறு மேலே வந்துவிடுகிறது. ஆனால் டார்சல் என்றால், நாய் நின்றாலும் சரி, உருண்டாலும் சரி, தலைகீழாகத் தொங்கினாலும் சரி, முதுகுதான். யார் எங்கே நின்று பார்த்தாலும் மாறாது. அந்தச் சொல் நாயின் உடம்பிலேயே குடியிருக்கிறது. பார்க்கிறவர் போனாலும் வந்தாலும் அதற்கு அக்கறையில்லை.

தலையில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. தலையிலேயே நின்றுகொண்டு தலைப்பக்கம் போ என்றால் எங்கே போவது? அதனால் தலைக்குள் மட்டும் மூக்குப் பக்கம் என்பதற்கு ராஸ்ட்ரல் என்று ஒரு தனிச்சொல் வைத்திருந்தார்கள். எவனோ ஒருத்தன் உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்திருக்கிறான் என்று அவளுக்கு முகம் தெரியாத அந்த ஆள்மேல் ஒரு மரியாதை.

அசைவுகளுக்கும் சொற்கள் இருந்தன. மடக்குவதற்கு ஒன்று, நீட்டுவதற்கு ஒன்று. காலை உடம்பை விட்டு வெளிப்பக்கமாக விலக்கினால் அப்டக்‌ஷன். திரும்ப உடம்போடு சேர்த்தால் அடக்‌ஷன். இரண்டும் காதில் ஒரே மாதிரி விழும். அதனால் டாக்டர்கள் நடுவில் இருக்கும் எழுத்தை அழுத்திச் சொல்வார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் கேலிக்காரர். அவரை எல்லோரும் மயக்க டாக்டர் என்பார்கள். முதல் சொல்லுக்கு ஆளைக் கடத்திக்கொண்டு போவது என்றும் ஓர் அர்த்தம் உண்டு, கால் வீட்டை விட்டு ஓடிப்போகிறது என்று வைத்துக்கொள், இரண்டாவது சமாதானமாகி வீட்டுக்குத் திரும்பி வருவது என்று அவர்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதன்பிறகு அவளுக்கு அது மறக்கவே இல்லை.

ஆனால் அந்தச் சுவர்ப்படத்தில் இடதும் வலதும் இல்லை. நாயின் உடம்புக்கு இரண்டு பாதி. இரண்டிலும் ஒரு மீடியல், ஒரு லேட்டரல். எந்தப் பாதி என்று சொல்ல வேண்டி வந்தபோது, அவ்வளவு யோசித்த அந்த ஆளும் பழைய இரண்டு சொற்களிடமே போய்க் கைநீட்டி நின்றிருந்தான். அந்த ஓர் இடத்தில் மட்டும் அவள் அவனை மன்னிக்கவில்லை.

எக்ஸ்ரே அறையிலும் அவளுக்குக் கொஞ்சம் வேலை உண்டு. இடுப்பைப் படமெடுக்க வேண்டுமானால் நாயை மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னங்கால்களை நீட்டி இழுக்க வேண்டும். படமெடுக்கிறவரை அவள் எக்ஸ்ரே அண்ணன் என்பாள். அவர் வால்பக்கம் நின்று பின்னங்கால்களை இழுப்பார். இவள் தலைப்பக்கம் நின்று முன்னங்கால்களைப் பிடிப்பாள். எடுத்த படத்தில் எது வலது, எது இடது என்று பின்னால் தெரிய வேண்டுமே. அதற்காக வலது என்பதைக் குறிக்கும், ஈயத்தில் வார்த்த ஓர் ஆங்கில எழுத்தை நாயின் வலது இடுப்புக்குப் பக்கத்தில் வைப்பார்கள். கை ஒழிகிறவள் இவள்தான் என்பதால் எழுத்து வைப்பது இவள் வேலையாகிவிட்டது.

முதல் நாள் அவளுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. பிறகு ஓர் உபாயம் கண்டுபிடித்தாள். தலைப்பக்கம் நிற்கும்போது நாய் அவளுக்கு எதிர்த்திசையில் நீண்டிருப்பதால் பக்கம் ஒரு தடவை மாறுகிறது. மல்லாந்து கிடப்பதால் இன்னொரு தடவை மாறுகிறது. இரண்டு மாற்றமும் ஒன்றையொன்று தின்றுவிட, நாயின் வலது அவளுடைய சோத்துக்கைப் பக்கமே வந்து நிற்கிறது. ஆக, விரலை மடக்கிப் பார்த்து, அந்தப் பக்கம் எழுத்தை வைத்தால் தீர்ந்தது. ஏழு வருடத்தில் ஒரு நாள்கூடத் தப்பியதில்லை.

பட்டன் வந்த நாளில்தான் தப்பியது.

பட்டன் ஒரு தையல்காரம்மாவின் நாய். எட்டு மாதக் குட்டி, பழுப்பு நிறம், ஒரு தலையணை உறைக்குள் அடங்கிவிடும். இரண்டு மாதமாகப் பின்னங்கால் ஒன்றைத் தூக்கித் தூக்கி வைத்தது. வெளிநோயாளி அறையில் இருந்த டாக்டர் எந்தக் கால் என்று கேட்டபோது தையல்காரம்மா, இந்தக் கால்தான் என்று விரலால் காட்டினாள். காட்டிய விரலைச் சீட்டில் எழுத முடியாது. பின்னங்கால் நொண்டல், இடுப்பைப் படமெடுக்கவும் என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டார் அவர்.

பட்டன் கடிக்கிற ரகமாக இருந்தது. எக்ஸ்ரே அண்ணன் அவளிடம், தலையைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் அவள் வாலுக்குப் போகட்டும் என்றும் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவள் வால்பக்கம் போனாள். பின்னங்கால்களை நாடாவால் இழுத்துக் கட்டி, மணல்பையை வைத்ததும் ஒரு கை ஒழிந்தது. அவர் சீக்கிரம் சீக்கிரம் என்று எழுத்தை நீட்டினார். அவள் விரலை மடக்கிப் பார்த்தாள். சோத்துக்கைப் பக்கம் எழுத்தை வைத்தாள். கணக்கு சரிதான். நின்ற இடம்தான் வேறு.

மூன்று நாள் கழித்து அறுவை சிகிச்சை. படத்தைப் பார்த்துப் பெரிய டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார்: தொடை எலும்பின் மேல்முனையில் இருக்கும் உருண்டைக்கு ரத்தம் போகாமல் அது பொடிந்துவிட்டது, உருண்டையை எடுத்துவிட வேண்டும், வலது கால். பெரிய டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. சத்தம் போட மாட்டார். ஆனால் அவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தால், சத்தம் போட்டிருக்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். அன்று அவருக்கு வரிசையாக நான்கு அறுவைகள். பட்டன் மூன்றாவது.

மயக்க டாக்டர் பட்டனைத் தூங்கவைத்து, சீட்டைப் பார்த்து, வலது கால் மேலே வரும்படி மேசையில் ஒருக்களித்துப் படுக்கவைத்தார். மாப்பிள்ளைக்குச் சவரம் ஆகட்டும் என்று சொல்லிவிட்டு மூச்சுக்குழாயைச் சரிபார்க்கக் குனிந்தார். அவள் கிளிப்பரை எடுத்தாள்.

இடுப்பிலிருந்து ஆரம்பித்தாள். முதுகுப் பக்கம் நான்கு விரல், வால் பக்கம் வாலடி வரைக்கும், பிறகு தொடையின் வெளிப்பக்கம். முடி சுருள் சுருளாக விழுந்தது. தொடையைச் சுற்றிக் கையை வைத்துப் பிடித்தபோது அவள் கை ஏதோ சொன்னது. அவள் அதைக் கவனிக்காமல் இன்னும் ஒரு வரிசை மழித்தாள். கை மறுபடியும் சொன்னது.

அது கொழுகொழுவென்று இருந்தது. இடுப்பு கெட்ட கால் இப்படி இருக்காது. எத்தனை கால்களை மழித்திருக்கிறாள். இரண்டு மாதம் தரையில் ஊன்றாத கால் பிழிந்து போட்ட துணி மாதிரி வற்றிக் கிடக்கும். கருவி தசையில் ஓடாமல் எலும்பில் தட்டும். அவள் தொடையின் உட்பக்கத்தை மழிப்பதற்காகக் காலைப் பிடித்து மெல்ல விலக்கினாள். கெட்ட காலை இப்படி விலக்கினால் பாதியிலேயே முரண்டு பிடிக்கும். உள்ளே மணலை மிதித்தது போல நறநறவென்று கைக்குத் தெரியும். இது எண்ணெய் போட்ட கதவு மாதிரித் திறந்தது.

கருவியை அணைத்தாள். மேசைக்கும் நாய்க்கும் நடுவே கையை நுழைத்து, அடியில் கிடந்த இன்னொரு காலைத் தொட்டுப் பார்த்தாள். தொடை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குச்சி இருந்தது.

முதலில் அவளுக்குப் படத்தின்மேல்தான் சந்தேகம் வந்தது. படம் எப்படிப் பொய் சொல்லும் என்று யோசித்தாள். பிறகு படத்தில் இருந்த எழுத்து ஞாபகம் வந்தது. அந்த எழுத்தை வைத்த கை யாருடையது என்று ஞாபகம் வந்தது. அன்றைக்கு எங்கே நின்றோம் என்றும் ஞாபகம் வந்தது. பட்டனின் வால் தன் வயிற்றில் உரசியதுகூட ஞாபகம் வந்தது.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பெரிய டாக்டர் முழங்கை வரைக்கும் நுரையோடு கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் கழுவி முடிக்க இன்னும் நான்கைந்து நிமிடம் ஆகும்.

அந்த நான்கைந்து நிமிடத்தில் அவள் என்னென்னவோ யோசித்தாள். பேசாமல் நாயைப் புரட்டிப்போட்டு மறுகாலை மழித்துவிட்டால் என்ன? டாக்டர் வந்து சீட்டைப் பார்ப்பார். கிளிப்பருக்கு இடது வலதுகூடத் தெரியாதா என்று கேட்டு நாயைத் திரும்பப் புரட்டுவார். நல்ல காலை வெட்டுவார். எக்ஸ்ரே அண்ணன் அவசரப்படுத்தினார் என்று சொல்லலாமா? அவர் அவசரப்படுத்தியது உண்மைதான். ஆனால் எழுத்தைத் தப்பாக வைக்கச் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிட்டால்? டாக்டர் திறந்து பார்க்கும்போது உருண்டை நன்றாக இருப்பதைக் கண்டுபிடித்துவிடுவாரோ என்னவோ. அப்போது நல்ல மூட்டைத் திறந்தது திறந்ததுதான். எடுத்தே விட்டால், பட்டனுக்கு ஊன்ற ஒரு பின்னங்கால்கூட மிஞ்சாது.

சொன்னால் வேலை போய்விடும். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் நின்ற அதே இடத்தில் மறுபடியும் நிற்க வேண்டும். இந்தத் தடவை சிரிக்கிறவர்கள் டாக்டர்கள்.

அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் நின்றாள். அவள் பேசியது அவளுக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுங்க. தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கல," என்றார் பெரிய டாக்டர், திரும்பாமல்.

"இது நல்ல கால், டாக்டர்."

"எது?"

"மேல இருக்கறது. நான் மழிச்சது. தசை முழுசா இருக்கு, விலக்கினா தடங்கலே இல்ல. அடியில இருக்கறதுதான் வத்திப்போயிருக்கு. மீடியல் பக்கம் தொட்டா வெறும் எலும்பு."

டாக்டர் திரும்பினார். நுரை முழங்கையில் வழிந்துகொண்டிருந்தது. "படத்துல வலதுன்னு இருக்கு. நீங்க மழிச்சது வலதுதானே?"

அவள் விரல் மடங்கப் பார்த்தது. டாக்டர் எதிரில் நிற்கிறார், நாய் பின்னால் கிடக்கிறது, எதை வைத்துக் கணக்குப் போடுவது என்று பிடிபடவில்லை. "தெரியல, டாக்டர்."

"தெரியலன்னா?"

"எனக்கு இடது வலது சட்டுனு வராது. சின்ன வயசுலேருந்தே வராது." குரல் இப்போது சத்தமாக வந்தது. "படத்துல இருக்கற எழுத்து நான் வெச்சது. எப்பவும் தலைப்பக்கம் நின்னு வெப்பேன். அன்னிக்கு வால்பக்கம் நின்னேன். தலைப்பக்கம் நிக்கற மாதிரியே வெச்சுட்டேன்."

பெரிய டாக்டர் முழங்கையால் குழாயை மூடினார். மயக்க டாக்டர் மேசையருகே நிமிர்ந்து நின்றார். அவருக்குக்கூடக் கேலி வரவில்லை.

அவ்வளவு நேரம் கழுவிய கையைப் பெரிய டாக்டர் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். பட்டனின் இரண்டு தொடைகளையும் இரண்டு கையால் ஒரே சமயத்தில் பிடித்துப் பார்த்தார். கால்களை ஒவ்வொன்றாக விலக்கினார், சேர்த்தார், மடக்கினார், நீட்டினார். அடியில் இருந்த காலை விலக்கும்போது அவர் முகம் மாறியதைப் பார்த்து, அந்த நறநற அவர் கைக்கும் தெரிந்துவிட்டது என்று அவள் புரிந்துகொண்டாள். நாய் இன்னும் எவ்வளவு நேரம் தூங்கும் என்று மயக்க டாக்டரைக் கேட்டார். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு என்றார் அவர்.

தூங்குகிற நாயை அப்படியே எக்ஸ்ரே அறைக்குத் தூக்கிப் போனார்கள். எக்ஸ்ரே அண்ணன் விஷயத்தைக் கேட்டு வெளிறிப்போனார். இந்தத் தடவை எழுத்தை அவரே வைத்தார். பெரிய டாக்டர் மேசையைச் சுற்றி வந்து இரண்டு தடவை சரிபார்த்தார். கணினித் திரையில் படம் வந்தது. பொடிந்த உருண்டை எழுத்து இல்லாத பக்கத்தில் இருந்தது.

திரும்பி வந்து மறுகாலை அவளேதான் மழித்தாள். வேறு யாராவது மழிக்கட்டும் என்று டாக்டர் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் சொல்லவில்லை. கருவி எலும்பில் தட்டித் தட்டிப் போனது. அறுவை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. நன்றாகவே முடிந்தது.

சாயங்காலம் பெரிய டாக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். ஏழு வருடத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததில்லை. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொல்லியிருந்தா வேலைக்கு எடுத்திருக்க மாட்டீங்க."

டாக்டர், "எடுத்திருப்பேனான்னு எனக்கே தெரியல," என்றார்.

அந்தப் பதில் அவளுக்கு என்னவோ பிடித்திருந்தது. ஆறுதலுக்காகச் சொன்னதாக இல்லை. டாக்டர் மேலும் சொன்னார். அறுவைக்கு முன்னால் இரண்டு காலையும் தன் கையால் தொட்டுப் பார்த்திருக்க வேண்டியது தன் வேலை. நாய் கடிக்கிறது, நேரம் இல்லை என்று படத்தை மட்டும் பார்த்துவிட்டார். தன் தப்பு இருக்கிறது என்பதால் அவளுடைய தப்பு குறையாது, அவளுடைய தப்பு இருக்கிறது என்பதால் தன்னுடையதும் குறையாது. இனிமேல் எக்ஸ்ரே அறையில் அவள் எழுத்து வைக்க வேண்டாம். மற்றதை மருத்துவமனைத் தலைவரிடம் பேசிவிட்டுத்தான் சொல்ல முடியும். ஆனால் நாய்க்கார அம்மாவிடம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். இரண்டு கால் மழித்திருப்பதைப் பார்த்தால் எப்படியும் கேட்பாள். யார் சொல்வது?

"நானே சொல்றேன், டாக்டர்," என்றாள்.

மறுநாள் காலை வேனில் போகும்போது கணவனிடம் சொன்னாள். சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவன் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டான். பின்னால் ரொட்டித் தட்டுகள் குலுங்கி அடங்கின. பள்ளிக்கூடம், தலைவலி, வாத்தியார், எழுத்து எல்லாவற்றையும் கேட்டான். கடைசியில் கேட்டான்: "அப்ப ஒன்பது வருஷமா உங்க பக்கம், என் பக்கம்னு சொன்னது பாசத்துல இல்லையா?"

"பாசமும்தான்," என்றாள்.

அவன் சிரித்தான். வண்டியை எடுத்தான். மருத்துவமனை வாசலில் இறக்கிவிடும்போது, என்னிடம் சொல்வதற்கு என்ன கூச்சம் என்று கேட்டான். உங்களிடம் சொல்லத்தான் அதிகக் கூச்சமாக இருந்தது என்பது உண்மையான பதில். அது அவனுக்கு இன்னும் வலிக்கும் என்று விட்டுவிட்டாள்.

அதற்கு மறுநாள் தையல்காரம்மா பட்டனைக் கூட்டிப்போக வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. வேலையிலிருந்து பாதியில் எழுந்து வந்திருந்தாள். பட்டன் கூண்டுக்குள்ளிருந்து வாலை ஆட்டிய ஆட்டலில் உடம்பே ஆடியது. அதைத் தூக்கியவள் பின்பக்கத்தைப் பார்த்தாள். ஒரு தொடையில் தையல் போட்ட கோடு இருந்தது. இன்னொரு தொடை ஒன்றுமே இல்லாமல் மொழுமொழுவென்று மழித்திருந்தது.

நடைபாதையில், பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான்கைந்து பேருக்கு நடுவே கிளிப்பர் சொன்னாள். எழுத்தை வைத்தது, வால்பக்கம் நின்றது, நல்ல காலை மழித்தது, கையில் பட்ட வித்தியாசம், எதையும் விடவில்லை. தனக்கு இடது வலது சட்டென்று வராது என்பதையும் சொன்னாள். பெஞ்சில் பூனைக்கூடையோடு இருந்த ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பெரிய டாக்டர் இரண்டடி தள்ளி நின்றார், குறுக்கே பேசவில்லை.

தையல்காரம்மா பட்டனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "துணியைப் பெரட்டிப் போடாம வெட்டிட்டா ரெண்டு சட்டைக்கையும் ஒரே பக்கத்துக் கையாப் போயிடும். நான் எத்தனையோ தடவ வெட்டியிருக்கேன்," என்றாள். கிளிப்பருக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. ஆனால் தையல்காரம்மா முடிக்கவில்லை. "துணின்னா வேற துணி வாங்கி வெட்டலாம். இதுக்கு வேற காலுக்கு எங்க போவேன்?"

"எங்கயும் போக முடியாதும்மா," என்றாள் கிளிப்பர்.

தையல்காரம்மா அவளையே பார்த்தாள். கோபத்தில்தான் பார்த்தாள். பிறகு, எப்போது தெரிந்தது என்று கேட்டாள். பாதி மழித்தபோது கையில் தெரிந்தது என்று இவள் மறுபடியும் சொன்னாள். எவ்வளவு நேரத்தில் டாக்டரிடம் போய்ச் சொன்னாய் என்று கேட்டாள். நான்கு நிமிடம் இருக்கும் என்றாள் இவள்.

"நாலு நிமிஷம் எதுக்கு?"

"பயந்துட்டேன்."

தையல்காரம்மா மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டாள். எத்தனை நாள் ஓடவிடக் கூடாது, காலை எப்படி மடக்கி நீட்டிப் பழக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். போகும்போது கிளிப்பரிடம் ஒன்றும் சொல்லவில்லை. மன்னித்தாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை என்று இவள் நினைத்துக்கொண்டாள். எட்டு நாள் கழித்துத் தையல் பிரிக்க இங்கேதான் வருவாள், அது போதும்.

தலைவரிடமிருந்து பதில் அந்த வாரக் கடைசியில் வந்தது. அவளுடைய வேலைக்குறிப்பில் நடந்தது எழுதப்பட்டது. வேலை போகவில்லை. இனி எந்த நாயானாலும் மயக்கம் கொடுப்பதற்கு முன், நின்றுகொண்டிருக்கும்போதே, வளர்க்கிறவர் காட்டும் காலில் பேனாவால் குறி போட வேண்டும் என்று ஒரு தாள் எல்லா அறைக் கதவிலும் ஒட்டப்பட்டது. இந்த யோசனை யாருடையது என்று தாளில் போடவில்லை. மயக்க டாக்டர் மட்டும் நாள் முழுக்க ஆளாளுக்கு, உன் எந்தக் காலில் குறி போட என்று கேட்டுக்கொண்டு திரிந்தார். அவளிடமும் வந்து கேட்டார். இரண்டிலும் போடுங்கள், எதற்கும் இருக்கட்டும் என்றாள். ஏழு வருடத்தில் அவள் அவருக்குப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ஒரு நொடி திகைத்துப்போய், பிறகு சத்தமாகச் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் கேட்ட சிரிப்பு மாதிரி அது இல்லை.

திங்கட்கிழமை எக்ஸ்ரே அறைக்கு ஒரு பெரிய நாய் வந்தது. இடுப்புப் படம். எக்ஸ்ரே அண்ணன் அவளைக் கூப்பிட்டார். பட்டன் விஷயத்துக்குப் பிறகு அவர் அவளிடம் சரியாகப் பேசவில்லை. தானும் பார்க்காமல் விட்டோமே என்ற குறுகுறுப்பு அவருக்கு. எழுத்தைத் தான் வைத்துக்கொள்வதாகவும் அவள் முன்னங்கால்களைப் பிடித்தால் போதும் என்றும் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவள் பிடித்தாள். அவர் கால்களை இழுத்துக் கட்டி, மணல்பை வைத்து, எழுத்தை நாயின் இடுப்பருகே வைத்துவிட்டுக் கருவியின் பக்கம் போகத் திரும்பினார்.

"அண்ணே, எந்தப் பக்கம்னு வாய்விட்டுச் சொல்லுங்க," என்றாள்.

"வலதுதான் தங்கச்சி."

"எனக்கு ஒரு நிமிஷம் ஆகும்."

அவள் நாயின் முன்னங்கால்களை நாடாவில் கட்டிவிட்டு, மேசையைச் சுற்றி வால்பக்கம் போய் நின்றாள். பார்த்தாள். திரும்பத் தலைப்பக்கம் வந்து நின்று பார்த்தாள். நாய் மல்லாந்தபடி மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு பொறுமையாகக் கிடந்தது. வெளியே அடுத்த நாய் குரைத்தது. எக்ஸ்ரே அண்ணன் கருவியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடத்துக்கு மேலேயே ஆனது. அவர் அவசரப்படுத்தவில்லை.